போனில் தோல் டாக்டர்: எதற்குப் போதும், எதற்குப் போதாது

வட சென்னையில் தோலில் ஒரு தொந்தரவு என்றால் நிறைய பேர் முதலில் போய் நிற்பது மெடிக்கல் ஷாப்பில்தான். கொருக்குப்பேட்டையோ வியாசர்பாடியோ, தெருமுனைக் கடையில் "அண்ணா, அரிப்புக்கு ஒரு ட்யூப் குடுங்க" என்றால் போதும். சட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டியதில்லை. அரை நாள் கூலி போகாது. தொடையிடுக்கில் அரிப்பு என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறவர்களுக்கு அது இன்னும் வசதி.

போட்டோ அனுப்பியோ வீடியோவில் பேசியோ தோல் மருத்துவரிடம் ஆலோசனை கேட்பதைப் பற்றிப் பேச்சு வந்தால், அது நேரில் பார்ப்பதற்கு ஈடாகுமா என்றுதான் பலரும் கேட்கிறார்கள். ஈடாகாது. ஏன் ஆகாது என்பதைக் கீழே விரிவாகவே சொல்கிறேன். ஆனால் நம் பகுதியில் பலருக்கு நேரில் பார்க்கும் டாக்டர் என்ற வழியே முதல் மூன்று மாதம் கணக்கில் வருவதில்லை. அந்த மூன்று மாதமும் ட்யூப்தான். எனவே போன் வழி ஆலோசனையை அந்த ட்யூபோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் நியாயம் என்று நினைக்கிறேன்.

இது எப்படி நடக்கிறது

மருத்துவத்தின் மற்ற பிரிவுகளைவிடத் தோல் மருத்துவம் போனுக்குச் சீக்கிரம் வந்ததற்குக் காரணம் எளிது. நோய் வெளியே தெரிகிறது. இதய நோயைப் போட்டோ எடுக்க முடியாது, முழங்கையில் வந்த படையை எடுக்க முடியும்.

இரண்டு முறைகள் இருக்கின்றன. ஒன்று, போட்டோவையும் விவரங்களையும் அனுப்பிவிட்டுக் காத்திருப்பது. டாக்டர் தனக்கு நேரம் கிடைக்கும்போது பார்த்துப் பதில் சொல்வார். இன்னொன்று, நேரடி வீடியோ அழைப்பு. வீடியோதான் மேல் என்று தோன்றும். ஆனால் தோலைப் பொறுத்தவரை நல்ல வெளிச்சத்தில் எடுத்த ஒரு போட்டோ, ஆடுகிற வீடியோவைவிடப் பல மடங்கு தெளிவு. வீடியோவின் பலம் பேச்சில் இருக்கிறது: டாக்டர் குறுக்கே கேள்வி கேட்கலாம், "முதுகைத் திருப்புங்க, நாக்கை நீட்டுங்க" என்று சொல்லலாம். அதனால் போட்டோக்களை முதலில் வாங்கிப் பார்த்துவிட்டு அப்புறம் வீடியோவில் பேசுகிற முறையே நடைமுறையில் நன்றாக வேலை செய்கிறது.

இந்தியாவில் இதற்கு விதிமுறை இருக்கிறது. 2020 மார்ச் 25 அன்று, கொரோனா ஊரடங்கு தொடங்கிய அதே நாளில், மத்திய சுகாதாரத் துறை தொலை மருத்துவ வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பதிவு பெற்ற மருத்துவர் மட்டுமே இப்படி ஆலோசனை தரலாம். தன் பதிவு எண்ணை மருந்துச் சீட்டில் போட வேண்டும். உங்கள் பெயர், வயது போன்ற விவரங்களை அவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு என்றால் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

எந்த மருந்தை எப்போது எழுதலாம் என்பதற்கும் பட்டியல் உண்டு. சீட்டு இல்லாமலே வாங்கக்கூடிய மருந்துகளை எந்த வகை ஆலோசனையிலும் சொல்லலாம். முதல் தடவையே வீடியோவில் பார்த்து எழுதக்கூடியவை அடுத்த பட்டியல். அதில் க்ளோட்ரிமசோல், முப்பிரோசின், கலமைன் லோஷன், பென்சைல் பென்சோயேட் லோஷன் போன்ற தோல் பூச்சுகளைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். ஏற்கெனவே நேரில் பார்த்த நோயாளிக்கு, அதே நோய்க்காக மட்டும் தொடர்ந்து எழுதக்கூடியவை மூன்றாவது பட்டியல். போதை மருந்து வகைகளைப் போனில் எழுதவே கூடாது. நேரில் பார்த்து ஆறு மாதத்துக்குள் அதே டாக்டரிடம் அதே தொந்தரவுக்காகப் பேசினால்தான் அது 'தொடர் ஆலோசனை'யாகக் கணக்கில் வரும். அதைத் தாண்டினால் புது நோயாளி மாதிரிதான்.

இன்னொரு விதியும் முக்கியம். நோயாளி நேரில் வருகிறேன் என்று சொல்லும்போது, "வேண்டாம், போனிலேயே பார்த்துக்கொள்ளலாம்" என்று டாக்டர் வற்புறுத்தக் கூடாது. அதை ஒழுங்கீனம் என்றே அந்த நெறிகள் சொல்கின்றன.

உண்மையிலேயே உதவுகிற இடங்கள்

எண்ணூரிலிருந்து ஒருவர் ராயபுரம் பக்கம் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசு ஆஸ்பத்திரி ஓபி காலையில்தான். விடிந்ததும் கிளம்பி, சீட்டுப் போட்டு, வரிசையில் நின்று, டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கி வெளியே வந்தால் மதியம். அன்றைய சம்பளம் போச்சு. ஒரு முறை என்றால் சமாளிக்கலாம். தோல் நோய்களோ மாதக் கணக்கில், சில வருடக் கணக்கில் இழுப்பவை. சொரியாசிஸ், கரப்பான் (எக்ஸிமா), வெண்புள்ளி, முகப்பரு எல்லாவற்றுக்கும் திரும்பத் திரும்பப் போக வேண்டும்.

போன் வழி ஆலோசனை மிக நன்றாகப் பயன்படுவது இந்த இரண்டாவது, மூன்றாவது சந்திப்புகளில்தான். நோய் என்னவென்று நேரில் பார்த்து முடிவாகிவிட்டது. இனி டாக்டருக்குத் தெரிய வேண்டியது, குறைந்திருக்கிறதா, மருந்து ஒத்துக்கொண்டதா, அளவை மாற்ற வேண்டுமா என்பதுதான். போன மாதப் போட்டோவையும் இந்த மாதப் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நினைவை வைத்துச் சொல்வதைவிடத் துல்லியமாகவே தெரியும். கடுமையான பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தப் பரிசோதனை தேவைப்படும். அதைப் பக்கத்து லேபில் எடுத்து முடிவை அனுப்பிவிடலாம். (பெண்கள் அந்த மாத்திரை சாப்பிடும் காலத்தில் கர்ப்பமாகவே கூடாது, குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வரும். மாத்திரையை நிறுத்திய பிறகு எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். போனில் பேசுகிற அவசரத்தில் விட்டுப்போகவே கூடாத பேச்சு இது.)

அடுத்தது சொறி சிரங்கு. இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் போன் வழி ஆலோசனையின் முழு பலமும் இதில் தெரிகிறது. சிரங்கு என்பது கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய ஒரு பூச்சி தோலுக்குள் சுரங்கம் போட்டு முட்டையிடுவதால் வருவது. ராத்திரியில் அரிப்பு கூடும். விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, ஆண்களுக்குப் பிறப்புறுப்பு என்று இடம் பார்த்து வரும். ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கிற வீட்டில் ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் வந்துவிடும். வைத்தியத்தின் முக்கியமான பகுதி, அரிக்கிறதோ இல்லையோ, வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே ராத்திரியில் மருந்து பூச வேண்டும் என்பது. பெர்மெத்ரின் என்கிற பூச்சு தந்தால் கழுத்திலிருந்து கால் வரை பூசிக் காலையில் குளிக்க வேண்டும். வழக்கமாக ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு தடவை. கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் டாக்டர் சொல்கிறபடிதான். துணி, போர்வை எல்லாவற்றையும் வெந்நீரில் அலசி வெயிலில் போட வேண்டும்.

நடப்பதோ வேறு. பிள்ளையை மட்டும் அம்மா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். பிள்ளைக்கு மட்டும் மருந்து வரும். பத்து நாளில் சரியாகி, அப்பாவிடமிருந்து மறுபடி ஒட்டிக்கொள்ளும். "மருந்து கேக்கல டாக்டர்" என்று மறுபடி வரிசை. வீடியோவில் டாக்டர் குடும்பத்தையே ஒன்றாக உட்காரவைத்துக் கைகளைக் காட்டச் சொல்லலாம். ராத்திரி எட்டு மணிக்கு அப்பாவும் வேலை முடிந்து வந்திருப்பார். யாருக்கு எவ்வளவு, யார் யாருக்குப் பூசிவிடுவது, பாட்டியின் முதுகுக்கு யார் என்றுகூடப் பேசி முடிக்கலாம். அத்தனை பேரும் கூலியை விட்டுவிட்டு ஒரே காலையில் ஓபிக்கு வருவது நடக்காத காரியம்.

வீட்டையும் வேலையிடத்தையும் பார்க்க முடிவது இன்னொரு நன்மை. காசிமேட்டில் மீன் வெட்டுகிற ஒரு அக்காவுக்கு விரலிடுக்கெல்லாம் வெள்ளையாக ஊறி, வெடித்து எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓபியில் அவர் கழுவிய கையோடு உட்கார்ந்திருப்பார். வீடியோவில் ஐஸ் பெட்டி, உப்புத் தண்ணீர், ஓட்டை விழுந்த கையுறை, கை கழுவ வைத்திருக்கும் சோப்புக் கட்டி எல்லாம் தெரியும். சிமெண்ட் வேலை செய்பவரின் கை, பாத்திரம் தேய்ப்பவரின் கை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கையை என்ன தொட்டது என்று தெரிந்தால்தான் அந்தக் கரப்பானுக்கு வழி.

கூச்சமும் ஒரு பெரிய விஷயம். தொடையிடுக்கு, மார்புக்குக் கீழ், பிறப்புறுப்பு என்று வந்துவிட்டால் பெண்கள் மட்டுமல்ல, ஆண்களும் வாயைத் திறப்பதில்லை. ஒரு பெண் டாக்டரிடம் போனில் வார்த்தையால் சொல்லத் தொடங்குவது சிலருக்கு எளிதாக இருக்கிறது. அங்கே தொடங்கினால் அடுத்த வாரம் நேரில் போகவும் தைரியம் வரும்.

ட்யூப் செய்கிற கெடுதல்

மெடிக்கலில் கேட்டு வாங்கும் பல ட்யூப்களில் மூன்று மருந்து ஒன்றாகக் கலந்திருக்கும்: பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே ஒரு ஸ்டீராய்டு. பெரும்பாலும் க்ளோபெட்டசோல் அல்லது பீட்டாமெத்தசோன். ஸ்டீராய்டு அரிப்பை ஒரே நாளில் அடக்கிவிடும். நல்ல மருந்து என்று தோன்றும். ஆனால் படர்தாமரைக்கு அது தீனி. தோலின் எதிர்ப்பை அடக்கிவிடுவதால் உள்ளே பூஞ்சை நிம்மதியாகப் பரவும். நிறுத்தினால் இரண்டு மடங்காகத் திரும்பும். மறுபடி பூசுவார்கள். இப்படியே இடுப்பிலிருந்து முதுகு, தொடை, முகம் என்று போகும். நெடுநாள் பூசிய இடத்தில் தோல் காகிதம் போல் மெலிந்து, வரி வரியாகக் கோடு விழும். அந்தக் கோடுகள் மறையாது. சிவப்பழகுக்கு என்று முகத்தில் இதையே பூசுகிற பெண்களுக்குப் பரு, முடி வளர்ச்சி, வெயில் பட்டால் எரிச்சல் எல்லாம் வரும்.

2018இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்தது. இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் பல ஆண்டுகளாக இதற்கு எதிராகப் பேசி வருகிறது. ஆனாலும் கேட்டால் கிடைக்கத்தான் செய்கிறது. இதற்கிடையே நம் நாட்டில் பரவியிருக்கும் படர்தாமரைப் பூஞ்சையே மாறிவிட்டது. 2020இல் அதற்கு ட்ரைக்கோஃபைட்டான் இன்டோட்டினியே என்று தனிப் பெயர் வைத்தார்கள். வழக்கமான டெர்பினாஃபின் மருந்துக்கு அது பல நேரம் மசிவதில்லை. முன்பு இரண்டு வாரத்தில் போன படை இப்போது பல வாரம், சிலருக்கு மாதங்கள் இழுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

போனில் ஒரு தோல் டாக்டர் "அந்த ட்யூபை இன்னைக்கே நிறுத்துங்க" என்று சொன்னால், அந்த ஒரு வாக்கியத்துக்காகவே ஆலோசனைக் கட்டணம் தகும். (முகத்தில் மாதக் கணக்கில் பூசியவர்கள் தாங்களாக நிறுத்தினால் முகம் எரிந்து சிவக்கலாம். அதனால்தான் டாக்டர் சொல்கிறபடி நிறுத்த வேண்டும்.)

இங்கேதான் போனின் முதல் குறையும் வருகிறது. ஸ்டீராய்டு பூசிய படர்தாமரை, படர்தாமரை மாதிரியே இருக்காது. ஓரத்து வட்டம் கலைந்து, கரப்பான் போலவோ வேறெதுவோ போலவோ தெரியும். போட்டோவைப் பார்த்து நல்ல டாக்டரே தடுமாறலாம். நேரில் என்றால் ஓரத்தைச் சுரண்டி, கண்ணாடிச் சில்லில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை இழை தெரிந்துவிடும். மலிவான, சீக்கிரம் முடிகிற சோதனை. போனில் அது கிடையாது. அதனால் இதுவரை பூசிய ட்யூப்கள் எல்லாவற்றையும், காலியானதையும் சேர்த்து, பெயர் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து அனுப்புங்கள். திட்டுவாரோ என்று மறைக்க வேண்டாம். பாதி நோயறிதல் அந்த ட்யூபின் முதுகில் எழுதியிருக்கிறது.

கண்ணால் மட்டும் முடியாதவை

நேரில் வைத்தியம் பார்க்கும்போது தோல் டாக்டர் தொடுகிறார். தடிப்பு மேலோட்டமா ஆழமா, சூடா, அழுத்தினால் வலிக்கிறதா, கட்டி நகர்கிறதா எல்லாம் விரல்தான் சொல்லும். தொடுவதால் மட்டுமே தெரிகிற நோய்களில் நாம் மறக்கவே கூடாத ஒன்று தொழுநோய்.

வெளுத்த திட்டு என்று ஒரு போட்டோ வந்தால் அது பல நோய்களில் எதுவாகவும் இருக்கலாம். பிள்ளைகளின் கன்னத்தில் மங்கலாக வருகிற திட்டை வயிற்றில் பூச்சி என்பார்கள் வீட்டில். பூச்சிக்கும் அதற்கும் தொடர்பில்லை, அது லேசான வறட்சிக் கரப்பான். வியர்க்கும் உடம்பில் மார்பிலும் முதுகிலும் செதிலோடு வருவது தேமல், ஒரு வகைப் பூஞ்சை. பால் வெள்ளையாக வருவது வெண்புள்ளி. இவற்றுக்கு நடுவே, கொஞ்சம் மங்கலாக, அரிப்பே இல்லாமல், உணர்ச்சி குறைந்த ஒரு திட்டு இருந்தால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சாலும் பேனா முனையாலும் தொட்டுப் பார்ப்பார் டாக்டர். முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பு தடித்திருக்கிறதா என்று விரலால் உருட்டிப் பார்ப்பார். இந்த இரண்டையும் வீடியோவில் சரியாகச் செய்ய முடியாது.

தொழுநோய் ஒழிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவிலிருந்து 2005 இறுதியில் குறைந்தது உண்மை. ஆனால் உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இந்தியாவில்தான். கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம், முழுமையாகக் குணமாகும். தாமதித்தால் நரம்பு போகும், போன நரம்பு பெரும்பாலும் திரும்பாது. எனவே உணர்ச்சி குறைந்த திட்டுக்குப் போன் ஆலோசனை வேண்டாம். நேராகப் போங்கள்.

நிறமும் ஒரு சிக்கல். தோல் நோய்ப் புத்தகங்களில் நெடுங்காலம் வெள்ளைத் தோலின் படங்களே அதிகம். அங்கே 'சிவப்பு' என்று எழுதியிருப்பது நம் மாநிறத்திலும் கறுப்பிலும் கருஞ்சிவப்பாக, ஊதாவாக, சில நேரம் சுற்றிலும் உள்ளதைவிடக் கொஞ்சம் கருத்ததாக மட்டும் தெரியும். போன் கேமரா அதையும் மழுக்கிவிடுகிறது. முகத்தை அழகாக்கும் ஃபில்டர் பல போன்களில் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். அது பருவையும் தழும்பையும் அழித்துவிடும். டாக்டர் பார்ப்பது உங்கள் முகத்தையே அல்ல.

இன்னும் சில: நாள்பட்ட மருக்கட்டி, மச்சத்தின் மாற்றம், தலையில் திட்டுத் திட்டாக முடி உதிர்வது, நகத்துக்குள் ஓடும் கருங்கோடு. இவற்றுக்கு டெர்மோஸ்கோப் என்கிற பெரிதாக்கிக் காட்டும் கருவியோ, சிறு துண்டு எடுத்துச் சோதிப்பதோ தேவைப்படும். கரப்பானுக்கு எது காரணம் என்று அறிய முதுகில் பட்டைகள் ஒட்டி இரண்டு நாள் வைத்துப் பார்க்கும் சோதனையும் ஆஸ்பத்திரியில்தான்.

போட்டோ எடுக்கும் விதம்

போன் ஆலோசனை தோற்பதற்குப் பெரும்பாலும் மோசமான போட்டோதான் காரணம். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் நிறம் மாறும். ஃப்ளாஷ் போட்டால் நடுவில் வெள்ளையாகிவிடும். பகலில், நேர் வெயில் படாத வாசலிலோ ஜன்னல் பக்கமோ நில்லுங்கள். லென்ஸை ஒரு பருத்தித் துணியால் துடையுங்கள். எண்ணெய், பவுடர், மஞ்சள், மருந்து எதுவும் பூசாமல் இருக்க வேண்டும். ஃபில்டரை அணைத்துவிட்டு, முன் கேமராவை விட்டுப் பின் கேமராவில் எடுங்கள். வேறொருவர் எடுத்தால் இன்னும் நல்லது.

மூன்று தூரத்தில் எடுங்கள். முதலில் தள்ளி நின்று, உடம்பில் எந்த இடம் என்று தெரிகிற மாதிரி. அப்புறம் ஒரு முழ தூரத்தில். அப்புறம் கிட்டத்தில், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து. அளவு தெரிய நாணயம் உதவும். தடிப்பு இருந்தால் பக்கவாட்டிலிருந்தும் ஒன்று. மிகக் கிட்டே போனால் மங்கும், அப்போது கொஞ்சம் விலகி எடுத்துப் பெரிதாக்குவது மேல். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கித் தெளிவு குறையும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் அப்படியே போகும்.

வந்த இடத்தை மட்டும் எடுத்து நிறுத்திவிடாதீர்கள். முழங்கையில் செதில் என்றால் முழங்கால், உச்சந்தலை, நகம் எல்லாவற்றையும் காட்டுங்கள். சொரியாசிஸ் அங்கேயெல்லாம் சுவடு விட்டிருக்கும். வலது கையில் இருந்தால் இடது கையும் வேண்டும், ஒப்பிட.

காணாக்கடி மாதிரி வந்து வந்து மறைகிற தடிப்புக்கு, ஒருவகையில் போட்டோவே ஓபியைவிட நல்லது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது தோல் சுத்தமாக இருக்கும். வந்த நேரத்தில் எடுத்து வைத்த படம் இருந்தால் டாக்டர் பார்த்த உடனே சொல்லிவிடுவார். ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டுவிட்டு, அடுத்த நாள் அதே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். காணாக்கடித் தடிப்பு பொதுவாக 24 மணி நேரத்துக்குள் அந்த இடத்தைவிட்டு மறையும்.

கூடவே சில விவரங்களை எழுதி அனுப்பினால் பேச்சு சீக்கிரம் முடியும். எப்போது தொடங்கியது, எங்கே தொடங்கி எங்கே பரவியது, அரிப்பா வலியா எரிச்சலா, வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா, என்ன வேலை, சர்க்கரை இருக்கிறதா, கடந்த இரண்டு மாதத்தில் புதிதாகத் தொடங்கிய மாத்திரை என்ன, நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டீர்களா. கர்ப்பமாக இருந்தாலோ பால் கொடுத்தாலோ அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

பூச்சு மருந்து எழுதினால் எவ்வளவு பூசுவது என்று கேட்கத் தயங்க வேண்டாம். ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் கோடு வரை ட்யூபை ஒரு தடவை பிதுக்கினால் வருகிற அளவு, ஏறக்குறைய அரை கிராம். விரல்களையும் சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும். வீடியோவில் டாக்டரை அவர் விரலிலேயே காட்டச் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம்.

யாரிடம், எப்படி

ஏற்கெனவே நேரில் பார்த்த டாக்டர் போனிலும் பார்க்கிறார் என்றால் அதுவே முதல் தேர்வு. அரசின் இ-சஞ்சீவனி சேவை இலவசம். 2020 ஏப்ரலில் வீட்டிலிருந்தே பேசும் வசதியாகத் தொடங்கியது. மொபைல் எண்ணைக் கொடுத்து, வருகிற ஓடிபியைப் போட்டு, டோக்கன் வாங்கிக் காத்திருந்தால் டாக்டர் வீடியோவில் வருவார். முடிந்ததும் மருந்துச் சீட்டு போனிலேயே கிடைக்கும். எல்லா நேரத்திலும் தோல் டாக்டர் இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. பொது மருத்துவர் பார்த்துவிட்டு அடுத்து எங்கே போக வேண்டும் என்று சொன்னாலும் அது பயன்தான்.

தனியார் ஆப்களில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஆலோசனை இலவசம் என்று சொல்லி, பேசி முடித்ததும் சீரம், ஃபேஸ்வாஷ், மாத்திரை என்று ஒரு 'கிட்' விற்கிற இடங்கள் இருக்கின்றன. முடி உதிர்வுக்கும் மங்குவுக்கும் இது அதிகம். பேசியவர் டாக்டரா, விற்பனையாளரா என்றே தெரியாது. பதிவு எண்ணைக் கேளுங்கள். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் சரிபார்க்கலாம். மருந்துச் சீட்டை உங்கள் கையில் தர வேண்டும், எந்தக் கடையில் வேண்டுமானாலும் நீங்கள் வாங்கலாம். சீட்டு தராமல் பெட்டி மட்டும் அனுப்புகிற இடத்தை விட்டு விலகுங்கள். போட்டோ போட்டால் கணினியே நோயைச் சொல்லும் என்கிற ஆப்களும் வந்துவிட்டன. டாக்டருக்குத் துணையாக அந்தத் தொழில்நுட்பம் இருக்கலாம், அது தானாக ஆலோசனை சொல்லவும் மருந்து எழுதவும் 2020 நெறிகள் அனுமதிக்கவில்லை.

அந்தரங்கம் பற்றியும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பல நேரம் ஒரே போன்தான், அதுவும் பையனிடம். அம்மா தன் உடம்பின் போட்டோவைப் பையன் போனில் எடுக்க மாட்டார், அது நியாயமும்கூட. ஒன்றிரண்டு தெருக்காரர்களிடம் பேசிப் பார்த்தபோது, பெண்கள் ஆலோசனையைத் தள்ளிப்போட இதுதான் பெரிய காரணமாகத் தெரிந்தது. நம்பிக்கையான ஒரு தோழியின் அல்லது அக்காவின் போனைப் பயன்படுத்தலாம். அனுப்பியதும் கேலரியிலிருந்தும் குப்பைத் தொட்டியிலிருந்தும் நீக்க வேண்டும். போட்டோக்கள் தானாக இணையச் சேமிப்புக்குப் போகிற வசதி ஓடிக்கொண்டிருந்தால் எடுக்கும் முன்பே அணைத்துவிட வேண்டும். உடம்பைக் காட்டும் படத்தில் முகம் வர வேண்டியதில்லை. அந்தரங்க உறுப்பின் படத்தைக் கேட்டால், ஏன் தேவை என்று கேட்கவும், தர மாட்டேன், நேரில் வருகிறேன் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது.

போனை வைத்துவிட்டு ஓட வேண்டிய நேரம்

சில தோல் தொந்தரவுகளுக்கு ஆலோசனை தேடி நேரத்தைக் கழிக்கவே கூடாது. புதிதாக ஒரு மாத்திரை தொடங்கிய சில நாட்களிலோ வாரங்களிலோ காய்ச்சலோடு உடம்பெல்லாம் தடிப்பு, வாய், கண், பிறப்புறுப்பில் புண், தோல் கொப்பளித்து உரிவது என்று வந்தால் அது உயிருக்கே ஆபத்தான மருந்து ஒவ்வாமையாக இருக்கலாம். வலிப்பு மாத்திரைகள், சல்ஃபா மருந்துகள், யூரிக் அமிலத்துக்கான அலோபுரினால் போன்றவற்றில் இது வரக்கூடும். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தடிப்போடு உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ 108ஐ அழையுங்கள். காய்ச்சலில் சிறு சிறு சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் ஒரு கண்ணாடி டம்ளரின் பக்கத்தை அதன்மேல் அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது மறையாமல் அப்படியே தெரிந்தால் தோலுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். அதையும் உடனே காட்ட வேண்டும். கால் சூடாக, வீங்கி, மணிக்கு மணி பரவுகிற வலி, சர்க்கரைக்காரருக்குப் பாதத்தில் புண், பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தைக்குக் கொப்பளம், பச்சைத் தீப்புண் எல்லாமே நேரில்தான். உள்ளங்காலில் புதிதாகத் தோன்றி வளரும் கறுப்புத் திட்டு அவசரம் இல்லை, ஆனால் அந்த வாரத்துக்குள் நேரில் காட்ட வேண்டியது. நம் நிறத்தில் தோல் புற்றுநோய் அரிது, தோலின் நிறமிச் செல்களிலிருந்து வருகிற மெலனோமா என்கிற கடுமையான வகை நமக்கு வந்தால் பெரும்பாலும் பாதத்திலும் நகத்திலும்தான்.

எந்தப் பக்கம் என்று தெரியாமல் குழம்பினால் 104க்கு அழைக்கலாம், தமிழக அரசின் மருத்துவ ஆலோசனை எண் அது. போன் ஆலோசனைக்குப் போனாலும், எத்தனை நாளில் குறைய வேண்டும், குறையாவிட்டால் எங்கே வர வேண்டும் என்ற இரண்டையும் டாக்டரிடம் கேட்டுச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நாள் தாண்டியும் குறையவில்லை என்றால் அடுத்த போன் வேண்டாம், காலையில் ஓபி.